வேலியோரத்து நாலு பாத்தி

கண்ணமங்கலம்
4 ஆகஸ்ட் 2024

தங்கை அம்சவல்லிக்கு அண்ணன் மாதையன் எழுதுவது. பழக்கடை நன்றாக ஓடுகிறது. நானும் நன்றாக இருக்கிறேன், முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி, உன் மகள் அபிநயாவுக்கு வேலை எப்படி என்று எழுது.

போனில் சொல்லலாம்தான். நீ பாறை மேல் ஏறி நின்று "ஹலோ ஹலோ" என்று கத்துவாய், நான் இங்கே ஏலச் சத்தத்தில் "இன்னா, இன்னா" என்பேன். போரான் மருந்து ஒரு கிராம் என்று நான் சொல்லி உன் காதில் பத்து என்று விழுந்தால் செடி கருகிவிடும். அதனால் எழுதுகிறேன். கடை டிரைவர் மோகன் ஞாயிற்றுக்கிழமை பிக்கப்பில் மேலே வருவான். பதிலைப் பழக் கிரேட்டில் பேப்பருக்கு அடியில் வைத்து அனுப்பு.

"இந்த வருசமும் நெலம் கை குடுக்கலன்னா வூட்டப் பூட்டிட்டு அபிநயாகிட்ட ஸ்ரீபெரும்புதூர் போய்ட்றேண்ணா" என்று போன மாதம் சொன்னாய். போவது தப்பில்லை. ஆனால் நீயும் இறங்கிவிட்டால் மலையில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? அதற்காகத்தான் இந்த நாற்று. ஆயிரத்து ஐந்நூறு அனுப்பியிருக்கிறேன்.

இதன் பெயர் கேப் கூஸ்பெர்ரி. நாம் சின்ன வயதில் உறையை நெற்றியில் அடித்து உடைத்தோமே, அந்தச் சொடக்குத் தக்காளிக்குப் பெரியப்பன் மகன். காகிதம் மாதிரி உறை, உள்ளே மஞ்சள் பழம். பெங்களூரில் ஒரு பார்ட்டி கேட்கிறான். பழம் ஒரு ரூபாய்க் காசு அகலம் இருக்க வேண்டும், தோலில் வெடிப்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் இந்த வருஷம் மொத்தமும் எடுப்பான், அடுத்த வருஷமும் எடுப்பான். இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பாத்தியை முக்கால் அடி உயர்த்திக் கட்டு. மழைத் தண்ணீர் வேரில் நின்றால் பழம் வெடிக்கும். செடிக்குச் செடி மூன்றடி. தொழு எரு போதும், யூரியா மூட்டையை அவிழ்க்காதே, இலைதான் வரும். பாதி நிலத்தில் சாமையே இருக்கட்டும், முழுவதிலும் இதை வைக்காதே. ஏன் என்று கேட்காதே.

பழம் வரும்போது கிரேட்டில் நூல் கட்டு. கிழக்குப் பாத்திக்குப் பச்சை, நடுவுக்கு மஞ்சள், மேற்கு வேலியோரத்துக்குச் சிவப்பு. எந்தப் பாத்தி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாதையன்

*

ஜவ்வாது மலை
15 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு அம்சவல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முட்டிக்கு எண்ணெய் தடவுகிறாயா, இல்லை கோபப்பட்டே ஆற்றிவிடலாம் என்று இருக்கிறாயா?

நாற்று எல்லாம் பிடித்துக்கொண்டது. மூன்றடி விட்டு நட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. "இன்னா அம்சா, நடுவுல மாடு கட்டப் போறியா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சின்னக்குழந்தை மாமா மட்டும் கேட்கவில்லை. மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம், தன் நிலத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீர் எப்போதும்போல முறைதான். எட்டு நாளைக்கு ஒருமுறை வாய்க்கால் என் பக்கம் திரும்பும். அன்றைக்கு நிலத்தை ரொப்பிவிடுகிறேன்.

நீ மலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் செத்ததற்குக்கூட அடிவாரம் வரைக்கும் வந்து ஆள் அனுப்பினாய். ஏன் என்று கேட்காதே என்கிறாய். நான் எப்போது கேட்டேன்?

அம்சவல்லி

*

கண்ணமங்கலம்
6 அக்டோபர் 2024

அம்சவல்லிக்கு. நலம். எண்ணெய் தடவுகிறேன், தடவிவிட ஆள் இல்லாததால் எட்டுகிற இடம் வரைக்கும்.

இந்நேரம் செடி இடுப்பு உயரம் வந்து புதராக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், அழகை நம்பாதே. தண்டு பிரிகிற முதல் கவைக்குக் கீழே இருக்கும் பக்கக் கிளையெல்லாம் கிள்ளு. ஒரு செடிக்கு நாலு தண்டு போதும், குச்சி நட்டுக் கட்டு. நிறையப் பழம் கேட்டால் எல்லாம் கோலிக்குண்டாக வரும். கொஞ்சம் கேட்டால் காசு அகலத்துக்கு வரும். கிள்ளும்போது உனக்கு அழுகை வரும், அழுதுகொண்டே கிள்ளு.

பூ விட்டதும் போரான் லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து தெளி. பத்து நாள் கழித்துக் கால்சியம் பாக்கெட். தோல் கெட்டிப்பட்டால்தான் தாங்கும். செடியடியில் சாமை வைக்கோல் பரப்பு.

நவீன்குமார் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறான். பேரப்பிள்ளை என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான், நானும் தலையாட்டுகிறேன். பத்து நிமிஷம். உன் அண்ணி மங்கம்மாள் போய் நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அரிசியைக் கைவாக்கில் ரெண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன். மிச்சத்தைக் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறேன், வீண் ஒன்றும் இல்லை.

வருவதற்குக் கால் ஒத்துக்கொள்ளவில்லை. போளூர் போய் பஸ் மாறி ஏறி வருவது சும்மா இல்லை.

மாதையன்

*

கண்ணமங்கலம்
24 நவம்பர் 2024

அம்சவல்லிக்கு. நலம். "மொதல் பழம் அனுப்பிட்டேன்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தாய். உடம்பு சரியில்லையா?

பழத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அளவு வந்துவிட்டது. காசை வைத்துப் பார்த்தேன், முக்கால்வாசிக்கு மேல் தேறும். நீ கிள்ளியது வீண்போகவில்லை. ஆனால் உறையைப் பிரித்தால் வெடிப்பு. பத்துக்கு நாலு. பச்சை நூலிலும் மஞ்சள் நூலிலும் ஒரே மாதிரி, காம்புப் பக்கம் கீறல் விட்டு, ஈ மொய்க்கிற வெடிப்பு.

மருந்து குறைவில்லை, தண்ணீர்தான் காரணம். எட்டு நாள் காயப்போட்டு ஒரே நாளில் ரொப்பினால் உள்ளே சதை ஊதும், தோல் கூடவே வளராது. தினம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முந்நூறு அடி பைப்பும் சொட்டுநீர்க் குழாயும் அனுப்பியிருக்கிறேன். ஊற்றிலிருந்து நேராக இழுத்துவிடு. முறைத் தண்ணீருக்குக் காத்திருக்காதே.

மாதையன்

*

ஜவ்வாது மலை
22 டிசம்பர் 2024

அண்ணனுக்கு. சுகம். புயல் மழையில் ரோட்டில் மரம் விழுந்து ரெண்டு வாரம் வண்டி வரவில்லை. மாட்டுக் கொட்டகை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, எனக்கு ஒன்றும் இல்லை.

பாத்தியை உயர்த்திக் கட்டச் சொன்னது நல்லதாகப் போயிற்று. கீழ்வீட்டார் மிளகாய் முழுக்க அழுகியது, என் செடி நிற்கிறது. உறை பாதி மஞ்சளானதுமே பறித்துவிட்டேன். அப்படியும் நிறைய வெடித்தது. உனக்குத் தெரிந்திருக்கும்.

பைப் கொட்டகையில் இருக்கிறது. விரிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை.

கார்த்திகைத் தீபத்துக்கு அபிநயா வருகிறேன் என்றாள், மழையால் வரவில்லை. நாலு விளக்கு ஏற்றினேன், மூன்றைக் காற்று அணைத்துவிட்டது.

அம்சவல்லி

*

கண்ணமங்கலம்
5 ஜனவரி 2025

அம்சவல்லிக்கு. நான் நலம், கோபமாகவும் இருக்கிறேன்.

சுருட்டி வைத்த பைப்பை விரிக்க ஆள் கிடைக்கவில்லையா? நீ ஒற்றை ஆளாகக் கல்லுக்கட்டு கட்டினவள். வியாபாரியிடம் சொல்கிற பொய்யாவது கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டாமா?

பெங்களூர் பார்ட்டி பேசினான். பிப்ரவரி கடைசிவரைதான் பார்ப்பானாம். பத்துக்கு ஒன்றுக்கு மேல் வெடித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வானாம். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. சிவப்பு நூல் கிரேட்டைத் தனியாகக் கொட்டிப் பார்த்தேன். போன மாதம் வந்தது, இந்த வாரம் வந்தது, இரண்டிலும் நூறு பழத்துக்கு மூன்றுகூட வெடிக்கவில்லை. அதே நாற்று, அதே மருந்து, அதே மழை. வேலியோரத்து நாலு பாத்தியில் மட்டும் என்ன நடக்கிறது? அந்தப் பழத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் பிப்ரவரிவரை தவணை கொடுத்தான். "இதை விளைவிச்சது யாரு?" என்று கேட்டான். என் தங்கச்சி என்றேன்.

அங்கே செய்வதை மற்றப் பாத்திக்கும் செய். என்னவென்று எழுது.

மாதையன்

*

ஜவ்வாது மலை
19 ஜனவரி 2025

அண்ணனுக்கு அம்சவல்லி. சுகம். பொங்கலுக்கு நீ அனுப்பிய புடவை வந்தது. நீ வரவில்லை.

அந்த நாலு பாத்திக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. சின்னக்குழந்தை மாமா தண்ணீர் ஊற்றுகிறது.

அக்டோபரிலிருந்தே ஊற்றியிருக்கிறது, நான் டிசம்பரில்தான் பார்த்தேன். விடிகிற நேரம், குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கை எட்டுகிற வரைக்கும் செடிக்கு ஒரு சொம்பு.

"இன்னா மாமா பண்ற?" என்றேன்.

"செடி வாடுது. பாத்துகினு நிக்கச் சொல்றியா?"

"இது எங்கண்ணன் குடுத்த நாத்து மாமா."

"அது செடிக்குத் தெரியுமா?"

அப்புறம் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டியது. பத்துச் செடி வைத்திருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ அதற்குக் கொடுத்த நாற்றின் விதை, அண்ணா. வருஷா வருஷம் எடுத்துப் போட்டிருக்கிறது. ஒரு வருஷம் தினம் ஊற்றிப் பார்த்ததாம், ஒரு வருஷம் காயவிட்டுப் பார்த்ததாம், வேரை இலையால் மூடிப் பார்த்ததாம். "தெனம் ஒரு சொம்பு, அவ்ளோதான் சங்கதி. அன்னிக்கு உங்கண்ணன் சொல்லல. அதுக்கும் தெரியாது போல" என்றது.

பழத்தை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "குருவி துன்னுது" என்றது.

ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது என்று உனக்கு மறந்திருக்காது. நேராக இழு என்று எழுதுகிறாய், யாருக்கும் சொந்தமில்லாத ஊற்று மாதிரி. பைப் போகட்டுமா என்று நான் கேட்டால் மாமா மாட்டேன் என்று சொல்லாது. ஆனால் நான் கேட்க மாட்டேன். நான் கேட்டு வாங்கிவிட்டால் நீ கேட்க வேண்டியது இல்லாமல் போய்விடும்.

அந்த வருஷம் மாமா பதினெட்டுக் கிரேட்டோடு கண்ணமங்கலம் இறங்கியது. மறுநாள் வெறுங்கையோடு நடந்தே ஏறி வந்தது. என்ன நடந்தது என்று நீயும் சொல்லவில்லை, அதுவும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன்.

அம்சவல்லி

*

ஜவ்வாது மலை
16 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு. சுகமா?

நாலு வாரமாகக் கிரேட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், பழைய பேப்பர்தான் விழுகிறது. மோகனைக் கேட்டேன். "அண்ணன் நல்லாத்தான் கீறாரு. கடையில எல்லாரையும் திட்டிகினுதான் கீறாரு" என்றான். சரி, உயிரோடு இருக்கிறாய்.

அபிநயா தன் ரூமுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறாள். மாசக் கடைசியில் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறேன். மாட்டைக் கேட்டு ஒருத்தர் வந்து போனார்.

அம்சவல்லி

*

கண்ணமங்கலம்
23 பிப்ரவரி 2025

அம்சவல்லிக்கு. மாட்டைக் கொடுக்காதே.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். வியாபாரத்தில் எவனிடமும் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவன் நான். இதற்கு ஒரு மாதம் ஆகிவிட்டது.

அந்த வருஷம் சின்னக்குழந்தைக்கு நாற்றைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். "சாமையெல்லாம் எதுக்கு மச்சான், மொத்த நெலத்துலயும் இத வை, நான் எடுத்துக்கறேன்" என்றேன். பாத்தியை உயர்த்து என்று சொல்லவில்லை, போரான் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது. நாற்றைக் கொடுத்தேன், வளர்க்கிற வழியைக் கொடுக்கவில்லை. உனக்கு இவ்வளவு எழுதுகிறேனே, அதெல்லாம் அவனுக்குச் சொல்லாமல் விட்டதுதான். அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவன் கிரேட்டோடு வந்தபோது மெட்ராஸ் பார்ட்டி இரண்டு பேர் கடையில் நின்றார்கள். ஒரு கிரேட்டைப் பிரித்தேன். எல்லாம் வெடிப்பு. அவர்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று. கிரேட்டைக் காலால் தள்ளினேன். கையால் இல்லை, காலால். "வெடிச்ச பழத்துக்கு எங்கடைல எடம் கெடையாது, எடுத்துகினு போ" என்றேன்.

அவன் பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் கொட்டினான். மாடு வந்து தின்றது. நான் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கம்மாள் உள்ளிருந்து வந்தாள். "உங்க மாமன் மவன், காலைலேர்ந்து பட்டினியா கீறாரு. சாப்ட்டுட்டுப் போவச் சொல்லுங்க" என்றாள். "போவட்டும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் சாகிறவரைக்கும் மலையிலிருந்து யார் வந்தாலும் அவனைத்தான் விசாரிப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

முட்டிவலி உண்மைதான். ஆனால் மலைக்கு வராததற்குக் காரணம் அது இல்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெங்களூர் பார்ட்டியிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மச்சானிடம் முன்னாலேயே சொல்லாதே.

மாதையன்

*

கண்ணமங்கலம்
9 மார்ச் 2025

அம்சவல்லிக்கு. வந்து சேர்ந்தேன். முட்டி வீங்கியிருக்கிறது, அது பரவாயில்லை.

நீ வேண்டுமென்றே வீட்டுக்குள் இருந்துகொண்டாய். வேலிப் பக்கம் என்ன பேசினோம் என்று நானும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

காலையிலிருந்து அவன் வேலிப் படலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவன் காட்டுப் பக்கம் போயிருந்தான். வெயில் ஏறி இறங்கியது. நீ ரெண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாய், வரவில்லை. மூன்று மணிக்குத் தலையில் விறகோடு வந்தான். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தான், விறகை இறக்கினான், கை கால் கழுவினான்.

"சாப்டியா?" என்றான்.

அம்சா, வரும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை. "இல்ல" என்றேன்.

உள்ளே போய்ச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். நான் சாப்பிட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் செய்தது தப்பு என்றேன். சீவுவதை நிறுத்தவில்லை. ஊற்றிலிருந்து பைப் போக வழி கேட்டேன்.

"பைப்பு அவளுக்கு. ஒனக்கில்ல."

"சரி மச்சான்."

"மச்சான்னு கூப்புடாத" என்றான். அதையும் கோபமாகச் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டே சொன்னான். உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மாதையன்

*

ஜவ்வாது மலை
30 மார்ச் 2025

அண்ணனுக்கு. சுகம். முட்டி வீக்கம் வடிந்ததா?

நீ போன மறுநாளே மாமா மண்வெட்டியோடு வந்தது. ஊற்றிலிருந்து வேலிவரைக்கும் தானே பள்ளம் தோண்டிப் பைப்பைப் புதைத்தது. நான் பிடித்தால், "நீ சும்மா நில்லு, இழுத்துக் கோணலாக்கிடுவ" என்கிறது. இப்போது எல்லாப் பாத்திக்கும் தினம் அரை மணி நேரம் சொட்டுகிறது. முறைக்காரர்கள் யாருக்கும் தண்ணீர் குறையவில்லை, மாமாவே எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டது.

இந்த வாரம் நூல் கட்டவில்லை. எந்தப் பாத்திப் பழம் எது என்று எனக்கே தெரியவில்லை, நீ பிரித்துப் பார். மாட்டைக் கேட்டவரை அனுப்பிவிட்டேன். அபிநயாவுக்கும் எழுதிவிட்டேன், வீடு வேண்டாம் என்று.

மேல் கிரேட்டில் ஒரு சின்னக் கூடை இருக்கும். மாமா கொடுத்தது. அதன் வீட்டுச் செடியில் வெடித்த பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறது. "உங்கண்ணனுக்கு அனுப்பு. இன்னா பண்றாருன்னு பாப்போம்" என்றது. சிரித்துக்கொண்டு சொன்னதா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அம்சவல்லி

*

கண்ணமங்கலம்
6 ஏப்ரல் 2025

சின்னக்குழந்தைக்கு மாதையன் எழுதுவது. அம்சவல்லி படித்துக் காட்டுவாள். மச்சான் என்று கூப்பிட வேண்டாம் என்றாய், அதனால் அப்படி எழுதவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

பழத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு கிரேட், நூற்றுக்கு நாலு வெடிப்பு. பெங்களூர் பார்ட்டி மொத்தமும் எடுத்துக்கொண்டான், அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டான். விளைவித்தது யார் என்று மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை இரண்டு பேர் பெயரையும் சொன்னேன்.

உன் கூடை வந்தது. முப்பது வருஷமாகப் பழ வியாபாரம் செய்கிறேன், வெடித்த பழத்தை வாயில் வைத்தது கிடையாது. பார்ப்பேன், ஒதுக்குவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கூடையை எதிரில் வைத்து ஒவ்வொன்றாகத் தின்றேன். நல்ல இனிப்பு. அன்றைக்கு ஒன்றையாவது எடுத்துத் தின்று பார்த்திருக்கலாம். இதைச் சொன்னால் அன்றைக்கு நடந்தது மாறாது, தெரியும்.

எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். சோறு இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோகன் வண்டி வரும்போது பழத்தோடு நீயும் ஏறிக்கொள். என்னோடு பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போ.

மாதையன்